நாலாவது குழி

வெடிப்புக்குள் ஞானாம்பிகையின் சுண்டுவிரல் நுழைந்தது. நேற்று நுழையவில்லை.

முந்தநாள் அரைமைல் தள்ளித்தான் குண்டு விழுந்தது. பக்கத்திலே சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கோயில் மடத்தில் ஒரு கீறலும் இல்லை. கம்பியும் சீமெந்தும் போட்டு அவள் பிளான் கீறிக் கொடுத்த இந்தச் சனசமூக நிலைய மாடிக் கட்டடத்தின் தென்மேற்கு மூலைதான் வாய் பிளந்து நின்றது. பொம்பிளை எஞ்சினியரின்ரை பிளான் எல்லே என்று சந்தியில் சிரிப்பு. மேல்மாடியில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த பதினொரு மீனவக் குடும்பங்கள்.

அலவாங்கை எடுத்து மூலையடியில் குத்தினாள். இரண்டடியில் கல் தட்டுப்பட வேண்டிய ஊர். முழு அலவாங்கும் இறங்கியது. ஆத்திரத்தோடு தோண்டினாள். வளைந்து போகும் கிணற்றுக்கட்டுத் தெரிந்தது.

சாந்துச் சட்டியோடு பெரியப்பா நமசிவாயம் வந்தார். நிலையத் தலைவரும், கோயில் தர்மகர்த்தாவும் அவர்தான்.

"பெரியப்பா, இதிலை கிணறு இருந்ததோ?"

"தூர்த்த கிணத்தைப் பற்றி ஆரும் கதைக்கிறதோ பிள்ளை? பாவமெண்டு பால் ஊத்தி, ஊருக்குத் தெரியாமல் தூர்த்தனாங்கள்."

கட்ட முன்னம் நாலு மூலையிலும் குழி வெட்டி நிலம் பார்க்கக் கேட்டவள் அவள். மூன்று வெட்டினார்கள். நாலாவது இடத்தில் வாழை குலை போட்டு நிற்குது, எல்லாம் ஒரே நிலந்தானே என்றார் பெரியப்பா. இவளும் மாடு மாதிரித் தலையாட்டினாள். அத்திவாரம் வெட்டிய கிழமை அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சோதனை எழுதிக்கொண்டிருந்தாள். கிணற்றைக் கண்ட மேசனின் வாயையும் கட்டியிருக்கிறார்கள். நிலமும் கட்டடமும் சேர்ந்தே ஆடும் என்ற பூகம்பப் பாடத்தை அங்கேதான் படித்தாள். இலங்கையில் ஏது பூகம்பம் என்று கூடப்படித்தவர்கள் பகிடி பண்ணினார்கள். இப்போது அது வானத்திலிருந்து விழுகிறது. கல்லில் நின்ற மூன்று மூலையும் ஒரு மாதிரி ஆட, நிரப்பிய மண்ணில் நின்ற மூலை வேறு மாதிரி ஆடி, கட்டடத்தையே முறுக்கிவிட்டது. தன்னையே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"பூசிவிட்டாச் சரி. சனத்தைக் குழப்பாதை" என்றார் பெரியப்பா.

"பூசினா வெடிப்புத்தான் மறையும். கிணறு மறையாது. மடத்தைத் திறவுங்கோ. அது கல்லிலை நிக்குது. இவையை அங்கை விடுங்கோ."

"கோயில் மடம் பிள்ளை. கரையிலை இருந்து வந்த சனத்தை உள்ளை விட்டா, நாளைக்கு..." மிச்சத்தை விழுங்கினார்.

"சொல்லுங்கோ! வாயைத் திறந்து சொல்லுங்கோ பெரியப்பா!"

அவர் சாந்துச் சட்டியைக் கீழே வைத்தார். அவள் அவருடைய சாந்தையே அள்ளி, வெடிப்புக்குக் குறுக்கே உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டொன்றை ஒட்டினாள். கட்டடம் அசைந்தால் இது உடையும் என்றாள்.

பின்னேரம், சாந்து இறுகிய பிறகு, பலாலிப் பக்கம் குண்டுகள் விழுந்தன. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஞானாம்பிகை கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டாகியிருந்தது.

மேல்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற மயிலிட்டிச் செல்வநாயகி பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். நேரே போய்ப் பூட்டிய மடத்து வாசலில் நின்றார்கள். எல்லாக் கண்களும் நமசிவாயத்தின் இடுப்பில் தொங்கிய திறப்புக்கோர்வையில் இருந்தன. அவர் கையில் பூச எடுத்த சாந்தகப்பை இன்னும் இருந்தது. அதிலிருந்த சாந்து காய்ந்துபோயிருந்தது.