ஜுருவில் பூத்த ஹோயா

நவமணியிடம் ஒரு ஹோயா கொடி இருந்தது. நான்கு வருடமாக அது பூக்கவில்லை.

இதை வெளியில் சொல்ல முடியாத நிலைமை அவளுக்கு. வாட்ஸ்அப்பில் ‘பினாங்கு கொடிச்செடி அன்பர்கள்’ குழுவை நடத்துபவளே அவள்தான். முன்னூற்றுப் பத்துப் பேர் அதில் இருந்தார்கள். எந்தக் கொடியை எந்த ஜன்னலில் வைப்பது, எத்தனை மணி வரை வெயில் படலாம் என்று யார் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் அவளிடமிருந்து பதில் வந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் காட்டும் சின்னக் கருவி ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

“ஹோயாவுக்குப் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினஞ்சாயிரம் லக்ஸ். காலையில ரெண்டரை மணி நேரம். கூடினா இலை கருகும், கொறஞ்சா பூக்காது” என்று அவள் அனுப்பிய குரல்செய்தியைப் பலர் சேமித்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுச் செய்து பார்த்தவர்களின் வீட்டில் பூக்கவும் செய்தது. மெழுகில் வார்த்த மாதிரி குட்டிக்குட்டி நட்சத்திரங்கள், கொத்தாக, பந்து போல. படம் எடுத்து அனுப்பி ‘நன்றி அக்கா’ என்பார்கள். நவமணி ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, தன்னுடைய கொடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போவாள்.

டத்தோ கிராமாட்டில் ஐந்தாம் மாடி வீடு அவர்களுடையது. எதிரே இன்னொரு அடுக்குமாடி நின்றது. இரண்டுக்கும் இடையில் காலை வெயில் நாற்பது நிமிடம் பால்கனிக்கு வரும். பிறகு படுக்கையறைக்கு நகரும், மூன்று மணிக்குமேல் சமையலறைக்கு வரும். நவமணியும் கொடியோடு அதன் பின்னாலேயே நகர்ந்தாள். ஒரு நாளைக்கு மூன்று இடம். உறவினர் கல்யாணத்துக்குப் போனால்கூட மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடுவாள்.

அவளுடைய கணவர் அய்யாக்கண்ணுவின் தொழில் வெயிலை மறைப்பது. ஜுருவில் கார் கண்ணாடிகளுக்குக் கறுப்பு டின்டட் ஃபிலிம் ஒட்டும் கடை வைத்திருந்தார். தினமும் தீவிலிருந்து பாலம் தாண்டிப் போய் வருவார். மனைவி வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசமாட்டார். முப்பத்தோரு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நவமணி கொடியைக் கத்தரித்து, நீளமாக வளர்ந்த இரண்டு கிளைகளைக் குப்பையில் போட்டாள். அய்யாக்கண்ணு அவற்றை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் நட்டு, முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டார். கடையில் பச்சையாக ஏதாவது இருந்தால் வியாபாரம் நடக்கும் என்று பக்கத்துக் கடை முதலாளி, சீனத் தவுக்கே, சொல்லியிருந்தார். அதற்காகத்தான். நட்டதை அவர் மறந்தும் போனார்.

போன ஆண்டு ஒரு நாள் அது பூத்தது. அய்யாக்கண்ணு முதலில் சந்தோஷப்பட்டார். அடுத்த நிமிடமே பயந்துபோனார்.

அது மூன்றாவது தடவையாகப் பூத்திருந்த ஒரு வியாழக்கிழமை, தாசேக் கெலுகோரில் ஆசிரியையாக இருக்கும் நூருல் ஹுதா தன் காருக்கு டின்டட் ஒட்ட அந்தக் கடைக்கு வந்தார். அவரும் கொடிச்செடி அன்பர்தான். யாருடைய கடை என்று அவருக்குத் தெரியாது. பூக்கொத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். ‘அக்கா, ஜுருவுல ஒரு டின்டட் கடையில பாத்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கு. எப்படி அக்கா?’

நவமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மிக அழகாக இருந்தது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

“ஹுதா, டின்டட் கண்ணாடிக்குப் பின்னால எந்த ஹோயாவும் பூக்காதும்மா. அது பிளாஸ்டிக் பூ. இப்பல்லாம் பாசார்லயே விக்கிறாங்க” என்று குரல்செய்தி அனுப்பினாள்.

நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ‘நல்லவேளை அக்கா சொன்னீங்க’ என்றார் ஒருவர்.

‘வாசனை வருதே அக்கா?’ என்று கேட்டார் ஹுதா.

“அது கார் பெர்ஃப்யூம்.”

ஹுதா பிடிவாதக்காரர். பூவிலிருந்து தேன் சொட்டி நிற்பது தெரியும்படி இன்னொரு படம் எடுத்தார். உண்மையான பூதான் என்பதற்குச் சாட்சியாகக் கடைக்காரரையே பக்கத்தில் நிற்கச் சொன்னார். அய்யாக்கண்ணு வாடிக்கையாளர் கேட்டாரே என்று கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தபடி நின்றார்.

நவமணி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மூன்று மணிக்குக் கொடி சமையலறைக்குப் போகவில்லை.

மாலை ஆறரைக்கு அய்யாக்கண்ணு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்தது.

“கடையில இருக்கிற செடி எங்கேர்ந்து வந்துச்சு?”

“எந்தச் செடி?”

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். அவர் தன் சிரிப்பைத் தானே பார்த்தார்.

“நீ வெட்டிப் போட்டதுதான் மணி. குப்பையில கெடந்துச்சு லா.”

“எப்போ பூத்துச்சு?”

“இப்பத்தான்.”

“இப்பன்னா?”

“இது மூணாவது தடவை.”

நவமணி உட்கார்ந்துவிட்டாள். “ஏன் என்கிட்ட சொல்லல?”

“ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீ அதத் தூக்கிக்கிட்டு ரூமுக்கும் குசினிக்கும் அலைஞ்சுகிட்டு இருந்த. அப்ப போயி என் கடையில சும்மா பூத்திருக்குன்னு எப்படிச் சொல்றது?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு, “நாளைக்கு நானும் வரேன்” என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முன்பக்கக் கண்ணாடியில் வாடிக்கையாளர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக ஐந்து வகை டின்டட் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. கொடி இரண்டாவது பட்டைக்குப் பின்னால் தொங்கியது. கிழக்குப் பார்த்த கடை. வெயில் நேராக வந்து, பட்டையில் வடிந்து, இலைமேல் விழுந்தது. நவமணி கருவியை நீட்டினாள்.

பன்னிரண்டாயிரத்து நானூறு.

ஒன்பதரைக்குப் பதினாலாயிரத்து எண்ணூறு. பத்தரை மணிக்கு வாசல் கூரையின் நிழல் கண்ணாடிமேல் இறங்கியது. சரியாக இரண்டரை மணி நேரம். நான்கு வருடமாக ஊருக்கெல்லாம் அவள் சொல்லிவந்த கணக்கு, ஒரு எண்கூடப் பிசகாமல், அவள் ‘பூக்காது’ என்று சொன்ன இடத்தில் இருந்தது. தன் கணக்கு சரிதான் என்று நிரூபணமானதில் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை.

கடையில் பல வருடமாக வேலை செய்யும் ஹாஃபிஸைக் கூப்பிட்டாள். “இதுக்கு என்ன செய்வீங்க?”

“ஒன்னும் செய்யல அக்கா. ஃபிலிம் ஒட்டும்போது கண்ணாடியில சோப்புத் தண்ணி அடிப்போம்ல? மிச்சம் இருந்தா இதுக்கும் ரெண்டு அடி அடிப்பேன்.”

வீட்டுக் கொடியின் மாவுப்பூச்சிக்காக அவள் மூன்று வகை மருந்து வாங்கி வைத்திருந்தாள். இங்கே ஒரு பூச்சிகூட இல்லை.

“எடம் மாத்துவீங்களா?”

“எங்க மாத்துறது? நாம நிக்கவே இங்க எடம் இல்ல.”

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அரும்பு கட்டும் சமயத்தில் கொடியை அசைக்கவே கூடாது, அசைத்தால் அரும்பு உதிரும் என்று அவளே குழுவில் எழுதியிருக்கிறாள். தடித்த எழுத்தில்.

மத்தியானம் கடையின் பின்பக்கம் போய் நின்று குரல்செய்தி பதிவு செய்தாள். நான்கு தடவை அழித்துவிட்டு ஐந்தாவதை அனுப்பினாள். “நேத்து நான் சொன்னது தப்பு. அது உண்மையான பூ. அது என் வீட்டுக்காரர் கடை. எனக்கே தெரியாது. ஹுதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

ஒவ்வொருவராகத் திறந்து கேட்டார்கள். பிறகு பதில்கள் கொட்டின.

‘அக்கா! சொந்தக் கடையிலயே ரகசியமா ஆராய்ச்சி செஞ்சிருக்கீங்க!’

‘பிளாஸ்டிக்னு சொல்லி எங்களுக்குப் பரீட்சை வச்சீங்களா? நான் ஃபெயில் லா.’

‘எனக்குத் தெரியாதுன்னு சொல்றீங்களே, அந்த அடக்கம்தான் அக்கா.’

நவமணி மறுத்தாள். இன்னும் அடக்கசாலி ஆனாள். தெளிவாக இன்னொரு முறை விளக்கி எழுதினாள். ‘மன்னிப்புக் கேட்கவும் பெரிய மனசு வேணும்’ என்று பூங்கொத்துப் படங்கள் வந்தன. கடைசியில் ஹுதா மட்டும் தனியாக எழுதினார். ‘அக்கா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதுன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.’ அதைப் படித்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஹாஃபிஸ் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அய்யாக்கண்ணு இரண்டாவது பட்டை ரகத்தில் ஒரு துண்டு கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலில் ஒட்டினார். அங்கேதான் கொஞ்சம் கூடுதல் நேரம் வெயில் வந்தது. கடைக்கொடியை வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

“அத அசைக்காதீங்க” என்றாள் நவமணி.

வீட்டுக் கொடி இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. இதுவரை பூக்கவில்லை. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைக் கடந்து போகிறாள். மத்தியானங்கள் திடீரென்று மிச்சமாகிவிட்டதால் மூன்று மணிக்கு என்ன செய்வதென்று அவளுக்கு இன்னும் பழகவில்லை.

அன்பர்கள் விடாமல் கேட்டதால் அய்யாக்கண்ணுவையும் குழுவில் சேர்க்க வேண்டியதாயிற்று. காலை வணக்கப் படங்கள் போடக்கூடாது என்பது அங்கே முதல் விதி. மீறிய இரண்டு பேரை நவமணி நீக்கியும் இருக்கிறாள். அய்யாக்கண்ணு விதிகளைப் படிக்கவில்லை. தினமும் எட்டு மணிக்கு, கடையைத் திறந்த கையோடு, அந்தப் பூக்கொத்தைப் படம் எடுத்து ‘இனிய காலை வணக்கம்’ என்று போடுகிறார். நவமணி அதைத் திறந்து பார்க்கிறாள். அழிப்பதில்லை.