பத்தில் மூன்று பங்கு

லெஸ் இருபத்தாறு வருடமாகக் குனிந்தே பிழைத்தவர். நாளொன்றுக்கு நூற்றெண்பது ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பார். இப்போது நிமிர்ந்தால் முதுகில் ஆணி இறங்கியது; சுவரைப் பிடித்துத்தான் நிமிர முடிந்தது. வெள்ளிக்கிழமை வருவேன், அன்றைக்கும் சுவரைப் பிடித்து நின்றால் உன் இடம் வேறொருவனுக்கு என்று காண்டிராக்டர் பெர்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

டுப்போ நகரத்தில் பிசியோதெரபிஸ்ட் நரெல் அவரைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இடுப்புக்கு அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கு. ஒண்ணுக்கு அடக்குற மாதிரி மேல தூக்குங்க, அடிவயிறும் கூடவே இறுகும். ரெண்டும் சேர்ந்துதான் முதுகைத் தாங்குது. லேசா தூக்கணும். பத்துல மூணு பங்கு போதும்."

லெஸ் எதையும் மூன்று பங்கு செய்தவரில்லை. பத்துக்குப் பத்து இழுத்தார். கொட்டகையில் கூட ரோமம் கத்தரிக்கும் மற்ற நாலு பேருக்கும் விஷயம் தெரிந்தது. ஆட்டை எண்ணி எண்ணியே போட்டி போடுகிற கூட்டம் அது. யார் அதிக நேரம் பிடிப்பது என்று இறங்கிவிட்டார்கள். ஐந்து முகங்களும் பீட்ரூட்டாகச் சிவந்தன. மூச்சுச் சத்தமே இல்லை. தேநீர் மணி அடித்ததும் ஐவரும் கழிப்பறைக்கு ஓடினார்கள். ஒருவருக்கும் வரவில்லை. பிடித்ததை விடத் தெரியவில்லை. முதுகு பிடித்துக்கொண்ட லெஸ்ஸைக் கம்பளி மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நரெல் போனில் திட்டினாள். மூச்சு இழுக்கும்போது அந்தத் தசை இறங்க வேண்டும், விடும்போது ஏற வேண்டும், பூட்டிவைத்தால் முதுகுதான் உடையும் என்றாள். "பேசிக்கிட்டே வேலை பாருங்க. பேச முடிஞ்சா மூச்சு ஓடுதுன்னு அர்த்தம்."

லெஸ் வேலை நேரத்தில் வாய் திறந்ததே இல்லை. கையில் இருந்தது ஆடு. அதனிடமே ஆரம்பித்தார். மனைவி ஊர் சுற்ற கேரவன் வண்டி கேட்டது, தான் மறுத்தது, அவள் தம்பியின் பொய்ப்பல். ஒரு ஆட்டில் விட்ட கதையை அடுத்த ஆட்டில் தொடர்ந்தார். ஆடுகள் உதைக்காமல் கிடந்தன. மற்ற நால்வரும் கத்தரிக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெர்ட் பின்னால் வந்து நின்றது லெஸ்ஸுக்குத் தெரியாது. பெர்ட் தன் கல்யாணத்தன்று போதையில் ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டிக்குள் விழுந்த கதையை லெஸ் அப்போது ஒரு கிழட்டு ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடியும் மணி அடித்தது. ஆட்டை வெளியே தள்ளிவிட்டு நிமிர்ந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. திரும்பினால் பெர்ட்.

பெர்ட் பட்டிக்குள் இறங்கி, தானே ஒரு ஆட்டை இழுத்துவந்து லெஸ்ஸின் கால்களுக்கிடையே உட்காரவைத்தார்.

"மணி கிடக்கட்டும்டா. அன்னிக்கு என்னை யார் வெளிய இழுத்தாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. இதுகிட்ட சொல்லு."