வகுப்பில் சொன்ன கதை

அம்மாவின் தலைமுடியை மகள் வாரிக்கொண்டிருந்தபோதே வாசலில் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சீருடை கலையாமல், கூட வந்த ஆசிரியையின் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டு, வரிசையாக. அந்த வரிசையைப் பார்த்ததுமே மகளுக்கு வயிறு எரிந்தது.

"நாலாங்கிளாஸ்ல அக்கா பாடம் எடுத்த புள்ளைங்கடி. வழி விடு," என்றாள் சித்தி.

"வாரி முடிக்கட்டும் சித்தி. நிக்கட்டும் கொஞ்சம்."

வாரி எப்போதோ முடித்திருந்தாள். இருந்தாலும் கட்டிலின் தலைமாட்டில் கிடந்த பெஞ்சை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

ஊரைப் பொறுத்தவரை அம்மா என்றால் அறிவியல் டீச்சர். டார்ச்சையும் பந்தையும் வைத்துக்கொண்டு கிரகணம் காட்டியவள். பலூனை ஊதிப் பறக்கவிட்டு ராக்கெட் இதுதான் என்றவள். வீட்டுக்கு வரும்போது அந்தத் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது. "அப்புறம் பேசலாம்மா" என்பாள். அந்த அப்புறத்துக்காகக் காத்திருந்தே மகள் வளர்ந்தாள், வேலைக்குப் போனாள். அம்மா படுக்கையில் விழுந்ததும் லீவு போட்டுவிட்டு வந்து மலம் மூத்திரம் அள்ளினாள். இனியாவது பேசுவாள் என்று ஒரு நப்பாசை. நேற்று முழுக்க அம்மா பேசத்தான் செய்தாள்: "பின்பெஞ்சு, அங்க என்ன சத்தம்? நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டா? யாராச்சும் சொல்லுங்க." இன்று காலை மூச்சு நிற்கும்வரை வகுப்பு நடந்தது. மகளை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பூ வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக வந்த ரெட்டைச் சடைக்காரி மட்டும் நகரவில்லை. பெஞ்சில் இருந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கதான் டீச்சரோட பொண்ணா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"உங்களை எங்களுக்குத் தெரியும். சின்ன வயசுல பஸ்ல போறப்ப, நிலா ஏன் நம்ம கூடவே வருதுன்னு கேட்டீங்கல்ல?"

மகளுக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலோர இருக்கை, தோளில் சாய்ந்திருந்த அம்மா. "கேட்டேன். அவங்க தூங்கிட்டு இருந்தாங்க."

"இல்லியே! டீச்சருக்கு அப்ப பதில் தெரியாதாம். அதான் தூங்கற மாதிரி நடிச்சாங்களாம். குறட்டைகூட விட்டுக் காட்டினாங்க. கிளாஸே சிரிச்சுது."

சித்திக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய், குறட்டை சேர்த்து, ஊரார் பிள்ளைகளுக்குப் பங்குவைத்துவிட்டு வந்திருக்கிறாள். வருஷா வருஷம் எத்தனை வகுப்பு சிரித்ததோ. பதில் தெரிந்த பிறகாவது வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாளா?

"அப்புறம் பதில் சொன்னாங்களா, உங்க டீச்சர்?" குரல் அவளுக்கே கடுப்பாகக் கேட்டது.

"சொன்னாங்களே. கிட்ட இருக்கற மரம், வீடெல்லாம் சர்ருன்னு பின்னாடி போயிடும். நிலா ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கு, அதான் நம்ம கூடவே வர்ற மாதிரி தெரியும்." சிறுமி சற்றுத் தயங்கினாள். "உங்களுக்குச் சொல்லலையா?"

மகள் அம்மாவின் காதோரம் சரியாகவே இருந்த முடியை மறுபடி ஒதுக்கிவிட்டாள்.

"பஸ் கிளம்பப்போகுது, வாங்க எல்லாரும்," என்று வாசலிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். மற்றவர்கள் போனார்கள். ரெட்டைச் சடைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர்கிட்ட இருக்கட்டா?"

"இருக்கட்டும், நான் கொண்டுபோய் விடறேன்," என்று ஆசிரியைக்குக் குரல் கொடுத்துவிட்டு, சித்தி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

மகள் யாரையும் பார்க்காமல் பெஞ்சில் நகர்ந்தாள். அதிகமில்லை, ஒரு பிள்ளை இடுக்கிக்கொண்டு உட்காரும் அளவுக்கு.