நூற்றுப் பதினெட்டு கிலோ

மலை என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவன் பெரிய அறிவாளியாக இருந்திருக்க வேண்டியதில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ ஆளை மலை என்று சொல்ல மூளை எதற்கு? ஆனால் அந்த மலையின் வேலையைப் பார்த்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் கோபுர கிரேன் ஓட்டுகிறவர் அவர். ஐம்பத்து நாலு மீட்டர் உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, இரண்டு டன் கம்பிக்கட்டைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல இறக்கி வைப்பார்.

அந்த அறைக்குப் போக ஏணி ஒன்றுதான் வழி. நடுவில் நின்று மூச்சு வாங்க ஐந்து தட்டுகள் உண்டு. ஒருநாள் காலையில் மலை மூன்றாவது தட்டில் உட்கார்ந்தவர் இருபத்தைந்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. கீழே கான்கிரீட் வண்டி காத்துக் கிடந்தது. போர்மேன் அண்ணாந்து பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கம்பெனி டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் ஒரே வரியில் எழுதினார்: மூன்று மாதம் தரையில் வேலை, அதன்பின் நடுவில் ஒரே ஒரு முறை மட்டும் நின்று, பன்னிரண்டு நிமிஷத்துக்குள் மேலே ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நிரந்தரமாக ஸ்டோர் ரூம்.

ஸ்டோர் ரூம் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் மலைக்கு அந்தக் கண்ணாடி அறை வேண்டும். தரையில் அவர் எங்கே நின்றாலும் முதலில் வயிறுதான் கண்ணில் படும். மேலே போய்விட்டால் உடம்பே கிடையாது, இரண்டு கைகள்தான். அந்த இரண்டு கைகளைக் குறை சொல்ல இதுவரை ஒருவன் பிறக்கவில்லை.

வழி காட்டியது கொழுந்தியாள். அவள் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்தில் குமாஸ்தா. "மாமா, எங்க எடத்துல ஆள் தேடுறாங்க. பன்னெண்டு வாரம் சைக்கிள் மிதிக்கணும், வாரத்துக்கு நாலு நாள். நின்ன எடத்துலயே மிதிக்கிற சைக்கிள். முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ தொடையிலேர்ந்து துளி சதை எடுப்பாங்க. பருமனா இருக்கிறவங்க தசை பயிற்சிக்கு எப்படி மாறுதுன்னு பார்க்கணுமாம்."

"அதுக்கு என்னை விட்டா ஆளு ஏது?" என்றார் மலை.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா ஒல்லியான, கறாரான பெண். மரத்துப்போக ஊசி போட்டு, பயறளவு சதையைத் தொடையிலிருந்து எடுத்துக் குப்பியில் போட்டுக்கொண்டே நிபந்தனையைச் சொன்னாள். "உங்க எடை ரெண்டு கிலோவுக்கு மேல கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைஞ்சா கொஞ்சம் கூடுதலா சாப்பிடணும். எடை குறையாம, வெறும் பயிற்சியால மட்டும் தசை என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியணும்."

மலை தன் காதையே நம்பவில்லை. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு டாக்டர் அவரைச் சாப்பிடச் சொல்கிறார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எடை குறையக் கூடாதா? இது எந்த ஊர் நியாயம்? படிச்சவங்க பேசுற பேச்சா இது?" அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் நோயாளிகளுக்குச் சாப்பாடு அளந்து போடுகிறவள். யாருக்கு எத்தனை கிராம் என்று கண்ணாலேயே சொல்வாள். அப்படிப்பட்டவள் வீட்டுத் தட்டில் சத்தமில்லாமல் கை வைக்க ஆரம்பித்தால் யாருக்குத் தெரியும்? சோறு ஒரு கரண்டி குறைந்தது. முட்டை இரண்டு ஒன்றானது. ரொட்டித் துண்டுகள் காகிதம் மாதிரி மெலிந்தன.

மலைக்குத் தெரியாமல் இல்லை. மூன்றாவது வாரமே இடுப்பில் கால்சட்டை தளர்ந்தது. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உள்ளுக்குள் அவருக்கும் சந்தோஷம்தான். எடை குறைந்தால்தானே ஏணி ஏற முடியும்? அதே சமயம் எடை குறைந்தது தெரிந்தால் சைக்கிளை விட்டு இறக்கிவிடுவார்கள். கூழும் வேண்டும், மீசையிலும் ஒட்டக் கூடாது என்கிற நிலைமை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலையிடத்திலிருந்து பெரிய இரும்பு நட்டுகளை எடுத்து, சத்தம் வராமல் ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, ஒரு பட்டையில் கோத்துச் சட்டைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டார். திங்கள்கிழமை எடை பார்க்கும்போது குறைந்த அளவுக்குச் சரியாக இரும்பு. ஆயுசு முழுக்க எடை மெஷின் மேல் வயிற்றை எக்கிக்கொண்டு நின்ற மனுஷன், இப்போது இரும்பைச் சுமந்துகொண்டு நின்றார்.

மாட்டிக்கொண்டது அவருடைய தொழில் சுத்தத்தால்தான். வேறொருவனாக இருந்தால் கூடக்குறையக் கட்டியிருப்பான். இவர் பாரம் தூக்குகிறவர், கிராம் பிசகினால் மனசு ஆறாது. ஏழாவது வாரம் டாக்டரம்மா தாளை முன்னால் போட்டாள். "118.0. 118.0. 118.0. 118.0. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சாலே மனுஷனுக்கு எடை ஏறும். நீங்க என்ன, படிக்கல்லா? சட்டையைத் தூக்குங்க."

பதினோரு நட்டுகள் மேஜைமேல் உருண்டன. எடைபோட்டுப் பார்த்தால் மூன்று கிலோ நானூறு கிராம்.

"ஏன்?" என்றாள் அவள்.

அவர் ஏணியைப் பற்றிச் சொன்னார். தட்டில் சோறு குறைந்ததையும் மறைக்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டதும் தெரிந்தது. "இப்ப நீங்க மேல ஏறிட்டீங்கன்னு வைங்க. எடை குறைஞ்சதால ஏறினீங்களா, தசை மாறினதால ஏறினீங்களா? என்னால சொல்ல முடியாது. உங்களாலயும் முடியாது. ஊரு எடை குறைஞ்சதாலன்னுதான் சொல்லும். குறைஞ்சதைத் திரும்ப ஏத்துங்க, அஞ்சு வாரம் இருக்கு. நடந்ததை நான் அப்படியே எழுதுவேன். உங்க கணக்கைச் சேர்க்கிறதா வேண்டாமான்னு மேல இருக்கிறவங்க முடிவு பண்ணட்டும். நாளைக்கு உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

மனைவி வந்தாள், சண்டைக்குத் தயாராக. டாக்டரம்மா சண்டை போடவில்லை. மலையைச் சைக்கிளில் ஏற்றி, முதல் நாள் வைத்த அதே பளுவை வைத்து, அதே வேகத்தில் கால் மணி நேரம் மிதிக்கச் சொன்னாள். திரையில் நாடித்துடிப்பு நூற்று முப்பத்திரண்டில் நின்றது.

"மொத நாள் இதே எடத்துல நூத்தி அம்பத்தெட்டு. பேச முடியாம இருந்தார். இப்ப கேளுங்க, பேசுவார்."

"பசிக்குது," என்றார் மலை, மிதித்துக்கொண்டே.

மனைவி சிரிக்கவில்லை. "அது எடை குறைஞ்சதாலதானே?"

"மூணு கிலோ மட்டும் இவ்வளவு வேலை செய்யாதுங்க. தசைக்குள்ள கொழுப்பை எரிக்கிற குட்டிக்குட்டி அடுப்புங்க இருக்கு. பயிற்சி பண்ணப் பண்ண அதுங்க கூடும். ரத்தம் கொண்டுபோற மெல்லிசான குழாய்ங்களும் கூடும். உடம்பு பருத்திருக்குன்னு தசை கோவிச்சுக்கிட்டு சும்மா இருக்கிறதில்ல, வேலை குடுத்தா செய்யுது. இதெல்லாம் எடை மெஷினுக்குத் தெரியாது. நான் சொல்றது சரியான்னு பார்க்கத்தான் இவரு எடை அப்படியே இருக்கணும்."

மனைவி திரையில் இருந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "இவரு படுத்துக்கிட்டு மூச்சு வாங்குறப்ப எனக்குப் பயமா இருக்கும்மா. அதான் குறைச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல," என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மலை மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவள் பயப்படுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தன்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தட்டு பழையபடி நிறைந்தது. எடை பார்க்கும் தாளில் 115.9, 116.7, 117.3 என்று மனுஷ எண்கள் விழுந்தன. பன்னிரண்டாவது வாரம் மறுபடி பயறளவு சதை எடுத்தார்கள். அதன் முடிவு வர மாதங்களாகும் என்றார்கள். ஏணி அதுவரை காத்திருக்காது.

ஏறிக்காட்ட வேண்டிய நாளில் கம்பெனி டாக்டர் முதல் வேலையாக எடை மெஷினைத்தான் கொண்டுவந்தார். 118.2.

போர்மேன் எட்டிப் பார்த்தார். "மூணு மாசமா என்னண்ணே பண்ணீங்க? இருநூறு கிராம் ஏறியிருக்கு."

டாக்டர் பேனாவை மூடப் போனார். "அதே எடை. அப்புறம் எதுக்கு ஏறிப் பார்த்துக்கிட்டு? வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இவ்வளவும் பாடுபட்டு, கடைசியில் அந்தப் பாழாய்ப்போன மெஷின் வந்து குறுக்கே நிற்கிறதே என்று மலைக்கு ஆத்திரம் வந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னார். "நீங்க எழுதினது ஏறணும்னுதான் சார். எளைக்கணும்னு எழுதல."

டாக்டர் தான் எழுதிய தாளைத் திருப்பிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. கடிகாரத்தை எடுத்தார்.

முதல் தட்டு. இரண்டாவது. தொடை சூடேறியது, ஆனால் கனக்கவில்லை. மூன்றாவது தட்டு வந்ததும் கால் பழக்கத்தில் நிற்கப் பார்த்தது. மலை அதைத் திட்டிக் கிளப்பினார். நான்காவதில் ஒரு நிமிஷம் நின்றார். மூச்சு வாங்கியது, வாங்கத்தானே செய்யும்? பிறகு மீதியை ஏறி, கண்ணாடி அறையின் கதவைத் திறந்து உட்கார்ந்து, டாக்டர் கொடுத்தனுப்பிய நாடிக் கருவியை விரலில் மாட்டி, வாக்கிடாக்கியில் நாடித்துடிப்பைச் சொன்னார்.

கீழேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். "பத்து நிமிஷம் நாப்பது செகண்ட்," என்றது குரல். "நாளையிலேர்ந்து வேலைக்கு வாங்க."

மலை கொஞ்ச நேரம் அழுதார். அங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். "மேலதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சமையலறையின் பாத்திரச் சத்தம். அவள் பெருமூச்சு விடுவது கேட்டது. எவ்வளவு எடை என்று கேட்கப் போகிறாள், சொல்லிவிடலாம் என்று அவர் காத்திருந்தார். அவள் எடையைக் கேட்கவில்லை.

"சாப்டீங்களா?" என்றாள்.

உலகத்தில் எல்லாரும் எல்லாரையும் தினம் பத்துத் தடவை கேட்கிற கேள்வி. அவள் அவரிடம் அதைக் கேட்டுப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

"இன்னும் இல்ல," என்றார் மலை. "வந்து சாப்பிடறேன்."