சிக்கதாயம்மாவின் இடது உள்ளங்கை

தேர்தல் மைக்குப்பியை நான் முழங்கையால் தட்டிவிட்டதில், ஆறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஜவரய்யா தம் மனைவி சிக்கதாயம்மாவின் இடது உள்ளங்கையில் காலை பதினொன்றே காலுக்குத் தோன்றினார். ஹொசகொப்பலு பள்ளியில் நான் ஒன்பது வருஷமாக அறிவியல் வாத்தியார்; தேர்தலன்று விரலுக்கு மை வைக்கும் வேலை எனக்கு. மையிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்து ஒட்டிக்கொள்ளும் என்று வருஷாவருஷம் பாடம் நடத்துகிறவன். அப்படிப்பட்டவன்தான், "வெயில்ல காட்டுங்கம்மா, காஞ்சா உதிர்ந்துடும்" என்று அந்தம்மாவை வாசலுக்கு அனுப்பிவைத்தேன்.

வளைந்த மூக்கு, ஒருபக்கம் இறங்கிய மீசை. இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் வந்து பார்த்து, அன்று முழுக்க ஒத்துப்போன ஒரே விஷயமாக, ஜவரய்யாவேதான் என்றார்கள். "பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்கு. ஆளும் வந்தாச்சு. ஓட்டு உண்டா மேஷ்ட்ரே?" என்று கேட்டார் ஒருவர். பூத் அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மையாகவே வந்திருப்பவருக்கு மை வைக்க விதியில்லை என்றார். அந்தம்மா சிரிக்கவில்லை. வீட்டில் புருஷனுடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முகம் மறக்க ஆரம்பித்திருந்த வருஷம் அது.

தோல் உதிர்ந்தால் முகமும் போய்விடும். இடது கையில் தண்ணீர் படாமல், பாத்திரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் களி கிண்டினார். நஞ்சன்கூடு ஸ்டூடியோக்காரரிடம் வழி கேட்டேன். "ஹைப்போவுல முக்கினா படம் நிக்கும் சார். தோல யாரு நிறுத்துறது?" என்றார்.

ஒவ்வொரு திங்களும் போய், "என்மேல கோபமாம்மா?" என்பேன். "மோர் குடிக்கிறீங்களா மேஷ்ட்ரே?" என்பார். அடுத்த வாரம், "உங்க சட்டையில ஒரு பொத்தான் காணோமே" என்பார். மூன்றாம் வாரம் மீசை போயிற்று. பிறகு நெற்றி, கண்கள். ஐந்தாம் வாரம் வாய் மட்டும், ஏதோ சொல்லவருவதுபோல இருந்தது. கையில் முகம் இருந்தவரை ஊரில் நல்லது கெட்டதுக்கு ஜவரய்யாவையும் சேர்த்தே இருவராக அழைத்தவர்கள், பழையபடி ஒருவராக அழைத்தார்கள்.

ஆறாவது திங்கள் கை வெறும் கையாக இருந்தது. இரண்டு கையாலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"கோபந்தான்" என்றார், தலை நிமிராமல். "முன்ன அவரு பெரியாஸ்பத்திரியில உசுர விட்டப்ப நான் இங்க நாத்து நட்டுக்கிட்டிருந்தேன். இந்தத் தடவை மொத்தமும் பாக்க வெச்சுட்டீங்க. கடைசிவரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்."