சேற்றில் இறங்காத பெண்கள்

பட்டாளத்து அதிகாரி ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டே வந்தார். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு, போரடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் களத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். குளிர்காலத்தில் வாய்க்கால் சேறு வாருவது என்று அவர் வாசித்ததும் பைனா வாயைத் திறந்தாள்.

"அது மட்டும் முடியாதுங்க."

அடிமைகளின் விடுதலைக்குப் பிறகு அமெரிக்காவின் தென் கரோலினா ஆற்றங்கரைக்கு வந்த முதல் குளிர்காலம் அது. போன வருஷம் வரை அங்கே நின்ற அத்தனை பேரும் பெல்டன் துரையின் உடைமைகள். துரை நாற்காலியில் நிமிர்ந்தார்.

"சேறு வாராம நெல்லு எப்படி வெளையும்?"

"வெளையாதுதான் தொரை. வேற ஆள வச்சு வாருங்க. பொம்பளைங்க நாங்க எறங்க மாட்டோம்."

அவள் புருஷன் கிஷ் முழங்கையால் இடித்தான். "சும்மா இரு. குடிசையக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

"நீ வேணா கைநாட்டு வையி. எனக்கும் சேத்து வைக்காத."

இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் அவள் நிற்காத வருஷமில்லை. ஒரு வருஷம் ஏழு மாத வயிற்றோடு இறங்கினாள். மண்வெட்டியைப் பிடித்தபடியே வலி கண்டது. பிள்ளை தங்கவில்லை. மறுவாரமே திரும்ப இறக்கினார்கள். இதையெல்லாம் இந்தக் கூட்டத்தில் சொல்லி இரக்கம் கேட்க அவளுக்கு மனமில்லை. மாட்டேன் என்றால் மாட்டேன்தான். காரணம் சொல்லிக்கொண்டு நிற்கிற காலம் மலையேறிவிட்டது.

"அப்ப மூட்டையக் கட்டு" என்றார் துரை.

"கட்டி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"நாங்களும்தான்" என்றாள் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தியான சிபி. பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அதிகாரி துரையிடம் திரும்பினார். "கட்டாயப்படுத்தி வாங்குற கைநாட்டு செல்லாதுங்க. விதைப்புக்கு வேற ஆளு இருக்கா உங்ககிட்ட?"

துரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "பொம்பளைங்களுக்கு அந்த வரிய அடிச்சிருங்க."

அடி என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்தபோதெல்லாம் சவுக்குத்தான் எழுந்திருக்கிறது. பைனாவின் தோள் தன்னையறியாமல் ஒடுங்கியது. இந்த முறை அதிகாரியின் பேனா மட்டும் அந்த வரியின் மேல் கீறிச் சென்றது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கிஷ் முணுமுணுத்தான். "எங்களுக்கும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீதானய்யா சும்மா இருன்ன."

ஆள் குறைந்த இடத்துக்குத் துரை சார்ல்ஸ்டன் பட்டணத்திலிருந்து கூலிக்கு வெள்ளைக்கார ஐரிஷ்காரர்களைப் படகில் இறக்கினார். கிஷும் மற்ற ஆண்களும் அவர்களோடு வாய்க்காலில் நின்றார்கள். பைனா கரையில் வரப்பு போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வெயில் ஏறுமுன் ஐரிஷ்காரர்களில் ஒரு செந்தாடிக்காரன் மண்வாரியை மேலே வீசிவிட்டு, ஏதோ வைதபடி கரையேறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கால்கள் நீலம் பாரித்திருந்தன. குதிரைமேலிருந்து துரை கத்திய கத்தலை அவன் சட்டை செய்யவில்லை.

வாய்க்காலுக்குள் நின்ற கிஷ் அவனைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவனுடைய மண்வாரியும் சேறு தெறிக்கக் கரையில் வந்து விழுந்தது.

பைனா வெயில் விழுந்த பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, கிஷுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.