பன்னிரண்டு மேஜைக்கான கல்

ஹுவே நகரில், ஆற்றோரம் உள்ள கிம் லோங் தெருவில், தோவான் தன் முன்தோட்டம் முழுவதற்கும் கல் பாவத் தொடங்கிய வாரத்தில், அவன் மனைவி சுயெனின் இடது முழங்கையில் மூன்று பம்ளிமாஸ் இலைகள் முளைத்தன. வாத்து முட்டை விலை ஏறியிருந்த வாரம் அது. தெருவில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. தோட்டம் என்றால் கட்டியது பாதி, நட்டது பாதி என்றுதான் நாங்கள் வைத்திருப்போம். வாசலை மறைக்கும் குட்டைச் சுவர், அதன் பின்னால் மீன் தொட்டி, தொட்டிக்குள் ஒரு பாறைக் குன்று, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்தில் செங்கல் பாதை, இவ்வளவுதான் கட்டியது. மற்றதெல்லாம் மண்ணும் மரமும். ஒருவன் கிணற்றைச் சுற்றிப் புதிதாக மேடை கட்டினால் அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு கன்றையாவது ஊன்றிவிடுவான். ஊன்றாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியாது, அதுவரை யாரும் ஊன்றாமல் விட்டதில்லை.

தோவானை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அவன் மூத்த மகன். செத்துப்போன அப்பாவின் நினைவு நாள் விருந்து ஆண்டுதோறும் அவன் வீட்டில்தான் நடக்க வேண்டும், அந்த நாளோ அடைமழைக் காலத்தில் வருகிறது. முந்தைய ஆண்டு விருந்தில் சித்தப்பா தாமின் பிளாஸ்டிக் நாற்காலி சேற்றில் புதைந்து, மனிதர் சூப்புச் சட்டியில் முகம் குப்புற விழுந்தார். மூன்று வாரம் சந்தையில் அதே பேச்சு. “மூத்தவர் வீட்ல சாப்பாடு பிரமாதமாமே, குளிச்சிக்கிட்டே சாப்பிடலாமாம்” என்று மீன்காரி சுயெனிடமே கேட்டாள். சுயென் சிரித்துவிட்டு வந்தாள். தோவானால் சிரிக்க முடியவில்லை. சேறே இல்லாமல் பன்னிரண்டு வட்ட மேஜை போட இடம் வேண்டும் என்று முடிவு செய்து, சுயென் கல்யாணமாகி வந்த ஆண்டில் நட்ட நான்கு பம்ளிமாஸ் மரங்களையும் வெட்டினான்.

மேஸ்திரி ரோ கல்லை இறக்கியதும் சுற்றிலும் பார்த்தார். “அண்ணே, இம்புட்டுக் கல்லுக்கு ஈடா எங்க நடப்போறீங்க?”

“விருந்து முடியட்டும், நடலாம். இப்ப நட்டா மேஜைய மரத்து மேலயா போடுறது?”

ரோவுக்கு மனமில்லைதான், ஆனால் கூலிக்காரர் என்ன செய்வார், பாவினார். ஒரு வரிசை கல் முடிந்தால் சுயெனுக்கு ஒரு கை நிறைய இலை. சமைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று கத்தரிக்கோலால் நறுக்கிப் பார்த்தாள், உயிர்போகிற மாதிரி வலித்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் களிம்பு கொடுத்தாள், வெயிலில் நிற்கவும் சொன்னாள். கடைசி வரிசைக்குள் அவள் கால்விரல்கள் நீண்டு செருப்பைப் பிளந்துவிட்டன. வைத்தியம் என்ன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரோ ஒருநாள் மூலையில் ஒரே ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் சுயெனின் தோளிலிருந்து இரண்டு இலைகள் உதிர்ந்து, அந்த இடம் பச்சைக் குழந்தையின் தோல் போலச் சிவப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் தோவான் வெள்ளோட்டமாக ஒரு மேஜையைப் போட்டான். அதன் கால் அந்தப் பள்ளத்தில் ஆடியது. கல்லைத் திரும்ப அவனே வைத்துத் தட்டினான்.

“என்னங்க, பாதியவாவது பேத்துருங்க. எனக்குப் பயமா இருக்கு” என்றாள் சுயென்.

“பத்து நாள்தான் சுயென், பல்லக் கடிச்சிக்க. வந்தவங்க மறுபடியும் வழுக்கி விழுந்தா நான் யார் மூஞ்சில முழிக்கிறது? விருந்து முடிஞ்ச அன்னிக்கே எல்லாத்தையும் பேத்துடறேன், போதுமா?”

பொய் சொல்கிற ஆளில்லை அவன், அதுதான் கொடுமை. அந்தப் பத்து நாளும் சுயென் உட்கார்ந்தபடியே அத்திக்காயை வேகவைத்துப் பிசைந்தாள், வாழையிலையில் இறால் கொழுக்கட்டை மடித்தாள். விருந்தன்று காலை தொட்டித் தண்ணீரில் கை கழுவ வந்தவளின் கால்கள் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கிவிட்டன. நின்றாள், அதன்பிறகு நகரவில்லை. அதிசயமாக அன்று மழையும் இல்லை, வெயில் கொளுத்தியது. நூற்றிருபது பேர் சாப்பிட்டோம். ஒருவர் செருப்பிலும் சேறில்லை, மூத்தவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மெச்சினோம். வெயில் தாங்காமல் சித்தப்பா தாம் தன் நாற்காலியை அவள் இலைகளின் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். “அவருக்கு இன்னும் கொஞ்சம் மீன் வைங்க, வாய்விட்டுக் கேக்க மாட்டாரு” என்றாள் சுயென். அவள் பேசி நாங்கள் கேட்டது அதுதான் கடைசி.

கடைசி விருந்தாளி வாசலைத் தாண்டுவதற்குள் தோவான் கடப்பாரையை எடுத்துவிட்டான். உள்ளங்கை கிழிய எல்லாக் கற்களையும் பெயர்த்தான். ஒரு இலைகூட உதிரவில்லை. வேர் அதற்குள் வீட்டுக்கு அடியில் போய்விட்டது, பட்டை அவள் வாய்வரை மூடியிருந்தது. அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அவன் கதறியதைக் கேட்டு அண்டை வீட்டு நாய்களெல்லாம் அடங்கின. தோட்டம் மட்டும் நிம்மதியாக இருந்தது.

சில மாதம் கழித்து, சுயெனின் தங்கை அக்காவுக்கு எந்த நாளில் ஊதுபத்தி ஏற்றுவது என்று கேட்டு வந்தாள். சாகாதவளுக்கு ஏது இறந்த நாள்? தாத்தாவுக்குத் தாத்தா வரை எல்லாருக்கும் நாள் குறித்துச் சோறு போடுகிற அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாள் கிடையாது. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆள் கணக்கெடுக்கிறவர்கள் அந்த வீட்டுக்கு, தோவானும் சுயெனுமாக, இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

ஐந்தாம் ஆண்டு அவள் காய்த்தாள். முதல் பழம் முன்னோருக்கு என்பது வழக்கம். தோவான் அதைப் பறித்து, இரண்டு கையாலும் ஏந்திப்போய் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தான். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் உரித்து எல்லாருக்கும் பகிர்ந்தான். எனக்கும் ஒரு சுளை வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது.